இரணைமடுவுக்குக் கூட்டம் இருக்கு, எங்கட ஹைற்சுங்குக்கு இல்லை



போன எபிசோடில் பற்றரி பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அது வெளிவந்த அன்றைக்குப் பின்னேரம் அப்பா போன் எடுத்தார். எங்கட பொட்காஸ்டை அவர் முழுக்கக் கேட்கிறவர் இல்லை, நடுவில் நித்திரையாகிவிடுவார். இந்த முறை ஒரு கேள்வி வைத்திருந்தார்.

"தம்பி, சில நாளில மத்தியானம் கரண்டுக்கு விலை மைனஸ் எண்டு ரிவியில சொல்லுறாங்கள். வாங்கிறவனுக்குக் காசும் குடுக்கிறாங்களாம். பிறகேன் அந்த நேரத்திலயும் மின்நிலையங்களை நிப்பாட்டாமல் ஓட விடுறாங்கள்? மோட்டுத்தனமா இருக்கே."

அப்பாவின்ர சமையலறை யன்னலால் பார்த்தால் ஷோல்வன் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். 300 மீற்றருக்கு மேல் உயரம். கெல்சென்கிர்ச்சனில் வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்று சொல்லுகிற அடையாளமே அதுதான். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையங்களில் ஒன்று. நான் சின்ன வயதில் அது முகில் செய்கிற ஃபக்ரறி என்று நம்பியிருந்தேன்.

"நிப்பாட்டினால் ஆரோ ஒருத்தற்ர ஹைற்சுங் குளிர்ந்திடும் அப்பா" என்றேன். அவர் திருப்திப்படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அப்பா சொன்னது உண்மையா? உண்மைதான். ஜேர்மனியில் 2023-இல் 301 மணித்தியாலங்கள், 2024-இல் 457 மணித்தியாலங்கள் மின்சாரத்தின் மொத்த விலை பூச்சியத்துக்குக் கீழே இருந்தது. 2023 ஜூலை 2, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு மெகாவாட் மணிக்கு மைனஸ் 500 யூரோ வரைக்கும் போனது. வெயிலும் காற்றும் நிறைய, வேலைத்தலங்கள் எல்லாம் பூட்டு. இதற்கு நேர் எதிரானது 2024 டிசம்பர் 12 பின்னேரம்: காற்றும் இல்லை வெயிலும் இல்லை, அதே மெகாவாட் மணி 936 யூரோ. ஒரே நாடு, ஒரே வயர்.

இப்போது, விலை மைனஸ் ஆனாலும் ஒரு நிலையம் ஏன் ஓடுகிறது? காரணங்கள் பல. எங்கட ரூர் பகுதிக்கு முக்கியமானது சூடு. சாதாரண மின்நிலையம் எரிபொருளில் இருக்கிற சக்தியில் பாதிக்கு மேல் ஆற்றுக்கும் காற்றுக்கும் விட்டுவிடுகிறது. அந்தச் சூட்டைக் குழாயில் ஏற்றி வீடுகளுக்கு அனுப்பினால் மொத்தப் பயன் 80, 90 வீதம் வரை வரும். அதுதான் ஃபேர்ன்வேர்ம. எசன், பொட்ரொப், கெல்சென்கிர்ச்சன் எல்லாம் நிலத்துக்குக் கீழே இப்படிக் குழாய்களால் இணைந்த நகரங்கள். எங்கட ஊர்க் குப்பை போய் எரிகிற கார்னாப் நிலையமும் இந்த வலைக்குச் சூடு குடுக்கிறது. நீங்கள் போன கிழமை எறிந்த பீட்சாப் பெட்டி உங்கட சித்தி வீட்டு ரேடியேற்றரில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சூடும் மின்சாரமும் ஒரே எஞ்சினில் இருந்து, ஒரே நேரத்தில் வருகின்றன. வெளியில் மைனஸ் 5 பாகை என்றால் சூடு வேண்டும். அதோடு சேர்ந்து மின்சாரமும் வந்துதான் தீரும், அதற்கு விலை இருக்கோ இல்லையோ. அம்மா புட்டு அவித்தால் நீத்துப்பெட்டிக்குக் கீழே தண்ணி கொதிக்கத்தான் செய்யும். எனக்குப் புட்டு வேண்டாம், கொதிதண்ணி மட்டும் வேணும் என்றால் அடுப்பை எரித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்கிற சாமான் ஒரு தண்ணித் தாங்கி. உண்மையிலேயே அவ்வளவுதான். ஒரு பெரிய இரும்புப் பிளாஸ்க். நியூர்ன்பேர்க்கில் 2015-இல் திறந்த தாங்கி 70 மீற்றர் உயரம், 3 கோடியே 30 லட்சம் லீற்றர் தண்ணி. பேர்லினில் ரொய்ட்டர் வெஸ்ட் நிலையத்தில் கட்டியதில் 5 கோடியே 60 லட்சம் லீற்றர். சூடான தண்ணி பாரம் குறைவு, அது மேலே நிற்கும். குளிர்ந்தது கீழே நிற்கும். நடுவில் ஒரு மெல்லிய படலம். கலக்காமல் மெதுவாக ஏற்றி இறக்கினால் போதும். கணக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குத்தான்: ஒரு கன மீற்றர் தண்ணியை ஒரு பாகை சூடாக்க 1.163 கிலோவாட் மணி. 33,000 கன மீற்றர், 40 பாகை வித்தியாசம் என்று பெருக்குங்கோ, ஏறக்குறைய 1,500 மெகாவாட் மணி வரும். நியூர்ன்பேர்க் தாங்கிக்குச் சொல்லுகிற கொள்ளளவும் அதுதான். லிதியம் இல்லை, கோபால்ட் இல்லை, ஸ்டார்ட்-அப் இல்லை. அதனால்தான் ஒரு பொட்காஸ்டும் அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை, நாங்களும் உட்பட.

தாங்கி வந்ததும் கேள்வி மாறிவிடுகிறது. "இப்ப எவ்வளவு சூடு வேணும்?" என்பது போய், "நாளைக்கு எந்த நேரம் எஞ்சினை ஓட்டினால் நல்லம்?" என்று வருகிறது. அது ஒரு கொம்பியூட்டர் சயன்ஸ் கேள்வி. இங்கேதான் எனக்கு வாய் ஊறும்.

ஒரு சின்ன ஊரைக் கற்பனை செய்வோம். நாள் முழுக்க 5 மெகாவாட் சூடு வேண்டும், 24 மணித்தியாலத்துக்கு 120 மெகாவாட் மணி. எங்களிடம் ஒரு எஞ்சின்: ஓடினால் 10 மெகாவாட் மின்சாரம், 10 மெகாவாட் சூடு. எரிவாயுவும் கார்பன் கட்டணமுமாக மணித்தியாலத்துக்கு 1,100 யூரோ செலவு. மின்சாரத்தை இல்லாமல் சும்மா பொயிலரில் அதே 10 மெகாவாட் சூட்டைக் காய்ச்சினால் 555 யூரோ. எல்லாம் நான் எடுத்த எண்கள்தான், கணக்குக்காக. மின்சாரம் 55 யூரோவுக்கு மேல் விற்றால் எஞ்சின் லாபம். கீழே போனால் பொயிலர் லாபம். பின்னேரம் விலை 150 என்றால் எஞ்சின் 1,500 யூரோ உழைக்கிறது, 1,100 செலவழிக்கிறது. சூடு இலவசம், மேலே 400 யூரோ கையில்.

எஞ்சினை 12 மணித்தியாலம் முழு வேகத்தில் ஓட்டினால் நாளுக்குரிய சூடு முழுக்கக் கிடைக்கும். எந்த 12? ஒரே இழுவையாக ஓட்டினால் பாதிச் சூட்டைத் தாங்கியில் வைக்க வேண்டும், 60 மெகாவாட் மணி. அதற்கு கிட்டத்தட்ட 1,300 கன மீற்றர் தாங்கி வேண்டும். ஆனால் மின்விலைக்கு நாளில் இரண்டு உச்சி உண்டு. காலையில் எல்லாரும் கோப்பி போடுகிற நேரம் ஒன்று, பின்னேரம் சூரியன் போன பிறகு ஒன்று. நடுவில் மத்தியானம் சோலார் வந்து விலையைப் பள்ளத்தில் தள்ளிவிடும். எஞ்சினைக் காலையில் 6, பின்னேரம் 6 என்று பிரித்து ஓட்டினால் நல்ல விலை இரண்டும் கிடைக்கும், தாங்கியும் பாதி அளவு போதும். ஆனால் எஞ்சினை ஒரு நாளில் இரண்டு தரம் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் எரிபொருள், தேய்மானம், சில வேளை திருத்த வேலை. இந்த இழுபறிதான் முழு விஷயமும். மிச்சமெல்லாம் அளவு.

அளவு எவ்வளவு என்று பார்க்க கீல் நகரத்துக்குப் போகலாம். அங்கே பழைய நிலக்கரி நிலையத்தை 2019-இல் மூடிவிட்டு, 20 எரிவாயு எஞ்சின்களை வரிசையாக வைத்தார்கள். மொத்தம் 190 மெகாவாட் மின்சாரம், கிட்டத்தட்ட அதே அளவு சூடு. பக்கத்தில் 60 மீற்றர் உயரத் தாங்கி. மின்சாரத்தைத் தின்று தண்ணியைச் சூடாக்குகிற ஒரு 35 மெகாவாட் பொயிலரும் உண்டு. அப்பாவின் கேள்விக்கு உண்மையான பதில் அந்த இடம்தான்: விலை விழுந்தால் எஞ்சின்களை நிப்பாட்டலாம், தாங்கி ஊருக்குச் சூடு குடுக்கும். இன்னும் விழுந்தால் மின்சாரத்தை வாங்கித் தாங்கியை நிரப்பலாம்.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் 12 மணிக்குள் அடுத்த நாளுக்கான விலைக் கோரிக்கை சந்தைக்குப் போய்விட வேண்டும். 2025 ஒக்டோபர் 1-இல் இருந்து இந்தச் சந்தை கால் மணித்தியாலக் கணக்கில் ஓடுகிறது. 24 துண்டு இப்போது 96. இருபது எஞ்சின், 96 துண்டு, ஒவ்வொன்றிலும் ஓன் அல்லது ஓஃப்: 1,920 சுவிச்சுகள். எல்லாச் சேர்மானத்தையும் எண்ணினால் 578 இலக்கமுள்ள ஒரு எண் வரும். அதற்கு மேல் விதிகள்: ஓடத் தொடங்கினால் இத்தனை நேரம் ஓட வேண்டும், நிப்பாட்டினால் இத்தனை நேரம் ஆற வேண்டும், தாங்கி வழியவும் கூடாது, வற்றவும் கூடாது. 20 எஞ்சினும் ஒரே மாதிரி என்பது இன்னொரு தலையிடி. மூன்றாவதை ஓட்டி ஏழாவதை நிப்பாட்டுவதும், ஏழாவதை ஓட்டி மூன்றாவதை நிப்பாட்டுவதும் ஒன்றுதான்; ஆனால் சொல்வருக்கு அது விளங்காது, இரண்டையும் தனித்தனியாகத் தேடும். "சின்ன இலக்கம் முதலில்" என்று ஒரு விதி எழுதினால் தேடல் திடீரென்று சுருங்கும்.

"ஏஐ-யா?" என்று கட்டாயம் ஒருத்தர் கேட்பீர்கள். நாளைய காற்று, நாளைய விலை, நாளைய குளிர் இதெல்லாம் ஊகிக்க இப்போது மெஷின் லேர்னிங்தான். ஆனால் அட்டவணை போடுகிற பாகம் பழைய கணக்கு. கிளை பிரித்துத் தேடி, உதவாத கிளையை வெட்டி எறிகிற முறையை 1960-இல் எய்ல்சா லேண்ட், அலிசன் டொய்க் என்ற இரண்டு பெண்கள் லண்டனில் எழுதினார்கள். இன்றைக்கும் எல்லாச் சொல்வரின் நெஞ்சிலும் அதுதான் துடிக்குது. பேர்லினில் எழுதப்படுகிற ஸ்கிப், எடின்பரோவில் எழுதப்படுகிற ஹைஸ் இரண்டையும் இலவசமாக இறக்கி, மேலே சொன்ன சின்ன ஊரை ஒரு பின்னேரத்தில் நீங்களே செய்து பார்க்கலாம். செய்து பாருங்கோ, உண்மையாகச் சொல்லுகிறேன். ரீல்ஸை விட நல்லம்.

இந்த உலகத்தில் நானும் ஒருக்கால் ஒப்பந்த வேலைக்கு இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். என்ர வேலை பெரிசாக ஒன்றுமில்லை, ஊகத் தரவை ஒரு இடத்தில் எடுத்து, அட்டவணை போடுகிற இயந்திரத்துக்குச் சரியான வடிவத்தில் குடுப்பது. ஒக்டோபர் கடைசி ஞாயிறு வந்தது. அன்றைக்கு நேரத்தைப் பின்னுக்கு வைப்பார்கள், நாளில் 25 மணித்தியாலம். நான் எழுதிய நிரலில் 24 என்று இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் சிவப்பு. பழைய ஆள் ஒருவர் வந்து, பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து, 20 நிமிடத்தில் ஒரு அட்டவணை போட்டார். பிறகு சொல்வர் போட்டதோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அவ்வளவு மோசமில்லை. எனக்குத்தான் முகம் சிவந்து போச்சு.

அந்த மாதங்களில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிரலில் ஆயிரக்கணக்கான வரி. அதில் ஒரேயொரு வரிதான் எதைக் குறைக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்று சொல்லும். ஒப்ஜெக்டிவ் ஃபங்ஷன். சொல்வர் அந்த ஒரு வரிக்கு விசுவாசமான நாய்க்குட்டி. நடத்துகிறவரின் செலவைக் குறை என்றால் குறைக்கும். கார்பனைக் குறை என்றால் வேறு அட்டவணை வரும். தெருவில் குடியிருக்கிறவரின் பில்லைக் குறை என்று எழுதினால் என்ன வரும்? எனக்குத் தெரிந்து அப்படி யாரும் எழுதிப் பார்க்கச் சொன்னதில்லை.

ஏனென்றால் பில் வேறு இடத்தில் எழுதப்படுகிறது. ஃபேர்ன்வேர்ம விலை ஒரு சூத்திரத்தின்படி ஏறி இறங்கும்; எரிபொருள் விலைச் சுட்டெண், கூலிச் சுட்டெண் என்று அதில் சில எண்கள். செலவையும் சூட்டுச் சந்தையின் நிலவரத்தையும் அது பிரதிபலிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. ஆனால் தாங்கி இன்றைக்குக் கெட்டித்தனமாக நிரம்பியதா, 936 யூரோ மணித்தியாலத்தில் எஞ்சின் ஓடியதா என்று கேட்கிற இடம் அதில் இல்லை. மின்சாரம் என்றால் பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். குழாய் ஒன்றுதான், அதனால் சூட்டுக்கு மாற முடியாது. 2023 நவம்பரில் ஜேர்மன் போட்டி ஆணையம் 6 ஃபேர்ன்வேர்ம நிறுவனங்களின் விலைச் சூத்திரங்களை விசாரிக்கத் தொடங்கியது சும்மா இல்லை.

மறுபக்கமும் இருக்கு. தாங்கிக்குக் காசு போட்டது நிறுவனம், தவறாக ஊகித்தால் நட்டமும் அவர்களுக்கு. விலை 936 ஆன அன்றைக்கு எங்கட ஹைற்சுங் பில் துள்ளிக் குதிக்கவில்லை, அந்தச் சூத்திரம்தான் காப்பாற்றியது. அதை நான் மறுக்கவில்லை. லாபம் முழுக்க வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. அந்த ஒரு வரி என்ன, அதை யார் எழுதினார்கள் என்று தெரிய வேண்டும் என்கிறேன்.

இது நடக்காத காரியம் என்று சொல்லுகிறவர்களுக்கு, எங்கட ஆக்கள் இதை ஏற்கனவே செய்கிறார்கள். கிளிநொச்சியில்.

இரணைமடுவும் ஒரு தாங்கிதான். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய, வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். மழை வருகிற மாதமும் நெல்லுக்குத் தண்ணி வேண்டிய மாதமும் வேறு, நடுவில் குளம். அங்கே சிறுபோகத்துக்கு முன்னால் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைப்பார்கள். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள், விவசாயிகள் சங்கங்கள். குளத்தில் இத்தனை அடி தண்ணி, அப்படியென்றால் இத்தனை ஏக்கர், எந்தத் தேதி தண்ணி திறக்கிறது, எந்தத் தேதி பூட்டுகிறது என்று அங்கே முடிவாகும். அம்மாவின்ர அண்ணன், பெரிய மாமா, அங்கே வயல் செய்கிறவர். கூட்டத்தில் சத்தம் கூடிக் கதிரை விழுந்த கதைகள் அவரிடம் நிறைய இருக்கு. ஆர் ஆரைப் பேசினார் என்பது வரைக்கும் சொல்லுவார். யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணி எடுக்கிற திட்டம் வந்தபோது விவசாயிகள் எதிர்த்ததும் இதே கேள்விதான்: தாங்கி யாருக்காக, முதலில் யார்?

கடைசி நிலைமைப் பிரச்சினையும் அங்கே இருக்கு. அட்டவணை இயந்திரத்துக்கு, இரவு 12 மணிக்குத் தாங்கியில் மிஞ்சுகிற சூட்டுக்கு ஒரு பெறுமதி உண்டு என்று சொல்லாவிட்டால், அது 11:59-க்குத் தாங்கியை வழித்துத் துடைத்துவிடும். வாடகை வீட்டை விட்டுப் போகிறவன் ஃபிரிட்ஜைக் காலி பண்ணுவது போல. மிஞ்சியதற்குக் கூடுதல் பெறுமதி குடுத்தால் நிரப்பி வைத்துக்கொண்டே இருக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகளை எந்த நேரம் திறந்தார்கள் என்பது பெரிய சர்ச்சையாகி, விசாரணை வரைக்கும் போனது. நிரப்பி வைப்பதா, இடம் விட்டு வைப்பதா என்ற அதே கேள்விதான். ஆனால் சனத்துக்குக் கேட்க உரிமை இருந்தது, கேட்டார்கள்.

இப்போது எங்கட ஊர். ஜேர்மனியின் வெப்பத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒரு லட்சத்துக்கு மேல் சனத்தொகை உள்ள நகரங்கள் 2026 ஜூன் 30-க்குள் தங்கள் வெப்பத் திட்டத்தை முடிக்க வேண்டும். கெல்சென்கிர்ச்சனும் அதற்குள் வருகிறது. எந்தத் தெருவுக்கு ஃபேர்ன்வேர்ம, எந்தத் தெருவுக்கு ஹீற் பம்ப் என்று அதில் வரும். 2030-க்குள் வெப்ப வலைகளில் 30 வீதம், 2040-க்குள் 80 வீதம் புதுப்பிக்கத்தக்க சூடாகவோ கழிவுச் சூடாகவோ இருக்க வேண்டும், அதாவது தாங்கிகள் வரத்தான் போகுது. வரைவை வெளியிட்டு, சனம் கருத்துச் சொல்ல இடம் குடுக்கவும் வேண்டும்.

எங்கட அப்பா அம்மாமார் அந்த வரைவை வாசிக்கப் போவதில்லை. அந்த ஜேர்மன் எனக்கே இரண்டு கோப்பி கேட்கும். ஆனால் இந்தக் கடிதத்தை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இன்ஃபொர்மாட்டிக் படித்தவர்கள், மற்றப் பாதி படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். தாங்கி எவ்வளவு பெரிசு, எங்கே? அதை ஓட்டுகிற அட்டவணை எதைக் குறைக்க எழுதப்படும், அது வெளியில் வருமா? நல்ல மணித்தியாலத்தில் உழைத்த காசில் ஒரு பங்கு விலைச் சூத்திரத்துக்குள் வர வழி இருக்கா?

அப்பாவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தார், நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். "அந்தக் கூட்டம் எப்ப?" என்று கேட்டார். கூட்டம் என்று ஒன்று இருக்குமோ தெரியாது அப்பா, எழுத்தில்தான் அனுப்ப வேண்டி வரும் என்றேன்.

"அப்ப நீ எழுது. நான் கையெழுத்து வைக்கிறன்."

உங்களில் கெல்சென்கிர்ச்சன், எசன், பொட்ரொப், கிளாட்பெக் பக்கம் இருக்கிறவர்கள், உங்கட நகரத்தின் வரைவு கையில் கிடைத்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. கேள்விகளை ஜேர்மனில் நான் எழுதித் தாறன், பிழை திருத்த ஒருத்தர் வேணும். என்ர டாட்டிவ் இன்னும் சரியில்லை.